நாத்தனார் முடிச்சு

ஒத்தக்கடை
11.2.2024

நாகஜோதி அவர்களுக்கு,

இதனுடன் உங்கள் மாடி வீட்டுச் சாவி இருக்கிறது. தரையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். கோச்சடையில் வீடு வீடாகக் கேட்டு எங்களுக்காக நீங்கள் சேர்த்துத் தந்த பாத்திரங்கள், மின்விசிறி, கட்டில் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. குழந்தையின் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது இல்லாமல் அவள் தூங்க மாட்டாள்.

உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். போனில் நீங்கள் அழுதுவிடுவீர்கள், நானும் இளகிவிடுவேன். தாளில் அது நடக்காது.

ஏன் சொல்லாமல் போனோம் என்று தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிந்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் உங்கள் தம்பி அழகுராஜா உங்கள் முன்னால் நின்று, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். நீங்கள் என் தலையைத் தடவி, "பொறுங்க, அப்பாகிட்ட நானே பேசுறேன்" என்றீர்கள். தை பிறந்ததும் என் அக்கா மகள் பவிஷாவுக்குக் காது குத்த நீங்களாகவே நாள் பார்த்தீர்கள். மாமன் இல்லையே என்று சுகிர்தா அக்கா தயங்கியபோது, "ஏன், என் தம்பி இல்லையா? அவன் மடியில உக்கார வைப்போம்" என்றீர்கள். அக்கா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். எங்கள் மன்னாரில் மாமன் இல்லாத பிள்ளையைக் கோயில் ஐயர் மடியில் வைத்துக் காது குத்தியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த ஐயர் யாருக்கும் அண்ணனாகிவிடவில்லை. ஒரு மடி, ஒரு புகைப்படம், அதோடு முடிந்தது என்றுதான் இங்கேயும் நினைத்தேன்.

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். கடல் கடந்து வந்த தங்கைகளுக்குச் சீர் கொண்டு வரும் தாய்மாமன் அழகுராஜா என்று போட்டிருந்தது. மேளம், வெடி, பழத்தட்டு, ஆட்டுக்கிடா எல்லாம் வந்தன. வாடிப்பட்டியிலிருந்து உங்கள் சனம் முழுவதும் வேனில் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பந்தியில் கை கழுவும் இடத்தில் உங்கள் சின்னம்மா இருளாயி என் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார்: "இனிமே என்னத்தா? அண்ணே தங்கச்சி ஆகிட்டீக. ஒரே வண்டியில போங்க வாங்க, ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

அப்போதுதான் புரிந்தது. சாப்பாட்டுக் கை அப்படியே காய்ந்துபோகும்வரை அங்கேயே நின்றேன்.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அகதிப் பெண் வேண்டாம், ஆதார் இல்லாதவள் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். நல்லவர் என்ற பெயரும் கெடாமல், என்னையும் விலக்க வேண்டியிருந்தது உங்களுக்கு. மாலை போட்டு விலக்கினீர்கள்.

இதற்குப் பதில் செய்வேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

ஜெயவதனி

கோச்சடை
20.2.2024

வதனி,

சாவியைக் கூரியரில் அனுப்பும் அளவுக்கு ஆகிவிட்டதா? நான் பள்ளிக்கூட டீச்சர், பிழையில்லாமல் எழுதுவேன், உன்னைப் போல ஊசி வைத்து எழுத வராது. அதனால் மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

மண்டபம் முகாமிலிருந்து நீங்கள் வந்து இறங்கிய அன்று இந்தத் தெருவில் ஒருத்தரும் வீடு தர மாட்டேன் என்றார்கள். போலீஸ் வரும், கியூ பிராஞ்ச் வரும் என்று பயந்தார்கள். "எங்க மாடிக்கு வரட்டும், வர்ற போலீஸுக்கு நான் காபி போட்டுக் குடுக்குறேன்" என்று சொன்னது யார்? சுகிர்தாவின் கணவருக்குப் பெயின்ட் வேலை பிடித்துக் கொடுத்தது யார்? பவிஷாவை அங்கன்வாடியில் சேர்க்க ஒவ்வொரு மேசையாக நின்றது யார்? இதைச் சொல்லிக்காட்டும்படி ஆக்கிவிட்டாயே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் எழுதிய நாலு தாளைக் கிழித்துவிட்டேன். அதில் எல்லாம், நீ தப்பாக நினைத்துவிட்டாய் என்று இருந்தது. இது ஐந்தாவது.

ஆமாம். தெரிந்துதான் செய்தேன்.

எங்கள் அப்பாவை உனக்குத் தெரியாது. முத்திருளன் என்றால் வாடிப்பட்டிச் சுற்று வட்டாரத்தில் நல்ல மனிதர், உண்மைதான். சொந்தத்தில் கொடுத்து வாங்கும் விஷயத்தில் அவர் நல்ல மனிதர் இல்லை. நாளைக்கு உங்களைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தால் என் தம்பி என்ன செய்வான்? உன் நிலைமை என்ன ஆகும்? சண்டை போட்டு, ஊரைக் கூட்டி, உங்களைத் துரத்தி அடிப்பதைவிட, உங்களை எங்கள் வீட்டுப் பெண்களாக ஆக்கிக்கொள்வது நல்லது என்று நினைத்தேன். உறவு கொடுத்துத்தானே விலக்கினேன்? இதைப் போலச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

பவிஷாவின் இடது காது சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. சோப்புத் தண்ணீர் பட வேண்டாம்.

நாகஜோதி

ஒத்தக்கடை
25.2.2024

நாகஜோதி அவர்களுக்கு,

குழந்தையின் காது ஆறிவிட்டது.

அவளுக்கு மூன்று வயதாகியும் ஏன் காது குத்தவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வசதி இல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். போர் முடிந்தபோது எங்கள் அண்ணா ரமணனை எங்கள் கண் முன்னாலேயே ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். அதன் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. அம்மா சாகும்வரை அவருக்குத் திவசம் கொடுக்க விடவில்லை. பவிஷா பிறந்தபோது அக்கா சொன்னாள்: "அண்ணா வந்து மடியில வைக்கட்டும். அதுவரைக்கும் குத்த மாட்டன்." அந்த மடியைத்தான் நீங்கள் வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். அக்கா கொடுத்தாள். அன்றைக்கு இரவு என்னிடம், "அண்ணா இனி வரமாட்டார் என்று நானே சொன்ன மாதிரிக் கிடக்குதடி" என்றாள். அவளுக்கு இன்னும் உங்கள் கணக்கு தெரியாது. நான் சொல்லவில்லை. அவளாவது ஒரு சகோதரன் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரே கேள்வி. அவருக்குத் தெரியுமா?

நூலகத்துக்குள் நான் போனால் அவர் வெளியே வண்டியில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு நிற்பார். நான் வரும்போது காலடியில் தோல் குவிந்திருக்கும். "இன்னிக்கு இம்புட்டுப் படிச்சிருக்க" என்று அந்தக் குவியலைக் காட்டுவார். அப்படிப்பட்டவர், ஒரு மடியின் அர்த்தம் தெரிந்துகொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரா? அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஜெயவதனி

கோச்சடை
2.7.2024

வதனி,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை. ரமணன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

இப்போது எழுதுவது, நீ வேறு யார் வாயிலாகவாவது கேள்விப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. தம்பிக்கு நிச்சயமாகிவிட்டது. பெண் பெயர் சுபலட்சுமி. எங்கள் தாய்மாமன் வழி. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் வாடிப்பட்டி மண்டபத்தில் கல்யாணம்.

நீ நன்றாகப் படித்தவள். மண்டபத்துக்கு வந்து நிற்பது, எதையாவது பேசுவது எல்லாம் உனக்கு அழகு இல்லை. அந்தப் பெண் ஒன்றும் அறியாதவள். தம்பியைப் பழி சொல்லாதே. எல்லாப் பழியும் என்னோடு போகட்டும்.

நாகஜோதி

ஒத்தக்கடை
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வதனி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணனுக்குக் கல்யாணம் என்ற செய்தி கிடைத்தது. மிகுந்த மகிழ்ச்சி.

இத்தனை மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. இங்கே எங்கள் வீட்டுக்காரம்மா தங்கப்பொண்ணு மேலூர்ப் பக்கம் பிறந்தவர். முறை விஷயத்தில் அவரை ஒருவரும் அசைக்க முடியாது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்: "ஒரு ஆள் நம்ம பிள்ளைக்குத் தாய்மாமனா உக்காந்துட்டா, அப்புறம் அவர் யாரு?"

"என்னடி கேள்வி? உங்களுக்கு அண்ணே. சாகுற வரைக்கும் அண்ணேதான். பொங்கலுக்குச் சீரு, தீவாளிக்குச் சேலை, நீ மண்டையப் போட்டா கோடித்துணி அவன் வீட்டுல இருந்துதான்."

"அவருக்குக் கல்யாணம் என்றால்?"

"தங்கச்சி இல்லாம எப்படிடி தாலி கட்டுவான்? மாப்ள ஒரு முடிச்சுத்தான் போடுவான். மிச்சம் ரெண்டும் நாத்தனார் முடிச்சுல்ல? வெத்தலை பாக்கு வச்சு உன்னியத்தான் மொதல்ல அழைக்கணும். அழைக்கலேன்னா அவன் வீட்டு வாசல்ல நின்னு கேளு. ஊரே உம்பக்கம் பேசும்."

பாருங்கள் அக்கா, நீங்கள் எவ்வளவு பெரிய சொத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள்! முகாமிலிருந்து கிளம்பியபோது எனக்கு இந்த நாட்டில் உறவு முறை வைத்துக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. இப்போது வாடிப்பட்டி முழுக்க எனக்கு மாமன், மச்சான், சின்னம்மா இருக்கிறார்கள். நான்தான் அதை எடுத்துக்கொள்ளத் தெரியாமல் இருந்துவிட்டேன்.

அதனால் வரப்போகிறேன். இரண்டாவது முடிச்சு உங்களுக்கு, மூன்றாவது எனக்கு. அழைப்பு முறைப்படி வர வேண்டும். வராவிட்டாலும் வருவேன். அப்படி வரும்போது கையில் அந்த ஃப்ளெக்ஸ் இருக்கும். பாத்திரங்களையெல்லாம் விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருந்தேனே, கிளம்பிய அன்று விடியற்காலையில் தெருமுனையில் அதைக் கழற்றி மடித்து எடுத்து வந்ததை எழுத மறந்துவிட்டேன். முடியாது என்று உங்கள் அப்பா சொன்னால், காதுகுத்து பொய் என்று அத்தனை சனத்தின் முன்னால் அவர் சொல்ல வேண்டியிருக்கும். பொய் என்றால் நான் தங்கை இல்லை. தங்கை இல்லை என்றால் நான் யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அண்ணன் பதில் சொல்லட்டும்.

என் அக்கா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். புது அண்ணியின் சேலை என்ன நிறம் என்று கேட்கிறாள்.

உங்கள் தங்கை,
வதனி

கோச்சடை
21.7.2024

வதனி,

எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்பங்கரையில் மங்கிய வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மறைத்து வைத்த ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்ல மாட்டேன் என்று தம்பி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இதைக் கேட்ட பிறகாவது உன் கோபம் சரியான இடத்துக்குப் போய், அதோடு ஆறிவிடும் என்ற நம்பிக்கையில் சத்தியத்தை மீறுகிறேன்.

மடியில் வைக்கும் யோசனை என்னுடையது இல்லை. அவனுடையது.

ஐப்பசியில் என் முன்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னானே, அது உண்மைதான். அவன் உன்மேல் வைத்த ஆசை பொய் இல்லை. நான் அப்பாவிடம் பேசவும் பேசினேன். தம்பி உட்காரும் கடை அப்பாவுடையது. அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அவனுக்கு இங்கன கடையும் கெடையாது, என் வீட்டு வாசலும் கெடையாது." நான் அப்போதும் விடவில்லை. "தனியா வந்துருடா, எங்க மாடியிலேயே குடித்தனம் வையுங்க" என்று அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். கார்த்திகையில் ஒருநாள் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தவன் அதைத் தரையில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அக்கா, என் வாயால வேணாம்னு சொல்ல முடியாது. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராது. நீயே ஏதாச்சும் செஞ்சு விடு. காதுகுத்து கீதுகுத்துன்னு வச்சேன்னா, நான் மாமனா உக்காந்துருறேன். அம்புட்டுத்தான், பேச்சு முடிஞ்சிரும்."

அவனைத் திட்டினேன். பிறகு நாள் பார்த்தேன். அவன் என் தம்பி. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. அவன் கோழை என்று நீ தெரிந்துகொள்வதைவிட, நான் கெட்டவள் என்று நினைப்பது மேல் என்று தோன்றியது.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். இதைப் படித்ததும் கிழித்துவிடு. சுபலட்சுமியை நினைத்துக்கொள். வராதே வதனி. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

கோச்சடை
29.9.2024

வதனி,

கடைசியில் நீ நினைத்ததுதான் நடந்தது. நீ வாசலில் வந்து நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "காதுகுத்துல சீரு செஞ்ச தங்கச்சிகளுக்குப் பத்திரிகை வச்சாச்சா?" என்று இருளாயி சின்னம்மா எல்லோர் முன்னாலும் கேட்டதும், அப்பா தானே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒத்தக்கடைக்குக் கிளம்பிவிட்டார். என்ன சொல்லித் தடுப்பேன்? கடையைக் காட்டி மிரட்டி அவர் விலக்கிய பெண் நீதான் என்று அவருக்குத் தெரியாது. தம்பி ஒரு வெளிப் பெண்ணை விரும்புகிறான் என்றுதான் அன்று சொல்லியிருந்தேன், எங்கள் மாடியில் இருக்கும் சுகிர்தாவின் தங்கை என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, "நல்ல புள்ளைகடா. மூத்தது என் காலத் தொட்டுக் கும்பிட்டுச்சு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மேடையில் உன்னைப் பார்த்தேன். அரக்குச் சேலையில் நீ அவ்வளவு அமைதியாக நின்றாய். கெட்டிமேளம் கொட்டி, அவன் முதல் முடிச்சுப் போட்டான். நான் இரண்டாவது போட்டேன். ஐயர், "இன்னொரு தங்கச்சி எங்கம்மா?" என்றார். நீ குனிந்து, பொறுமையாக, ஒரு நூல் பிசகாமல் மூன்றாவதைப் போட்டாய். அப்போது அவன் காதில் ஏதோ சொன்னாய்.

உன் உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவன் கழுத்தைத் திருப்பி உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து அவன் என்னுடன் பேசுவதில்லை. மறுவீட்டு விருந்துக்கு என் வீட்டுக்கு வரவில்லை. என் கணவர் போய்க் கூப்பிட்டதற்கு, "அவங்களுக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லைன்னு நெனச்சுக்கச் சொல்லுங்க மச்சான்" என்றானாம். வாடிப்பட்டிக்கு நானே போனேன். அடுப்பங்கரைப் பக்கமாக எழுந்து போய்விட்டான். சுபலட்சுமிதான் காபி கொடுத்தாள். பாவம், "ஒத்தக்கடை நாத்தனார் ரொம்ப நல்லவங்க. எனக்குப் படிக்க நாலு புஸ்தகம் குடுத்தாங்க" என்று என்னிடமே சொல்கிறாள்.

என்ன சொன்னாய் வதனி? நான் நினைப்பதைத்தான் சொன்னாயா? உன்னை நம்பித்தானே எழுதினேன்.

நாகஜோதி

ஒத்தக்கடை
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பவிஷாவைப் பள்ளியில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தோம். பள்ளியில் காப்பாளர் கையெழுத்துக்கு உள்ளூர் உறவினர் வேண்டும் என்றார்கள். "தாய்மாமன் வாடிப்பட்டியில் இருக்கிறார்" என்றேன். வரச் சொன்னேன், வந்து போட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் போட்டார். பரவாயில்லை, கையெழுத்துத் தெளிவாக இருந்தது. வெளியே நான் வந்தபோது வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் கடலை இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் அவர் காதில் சொன்னது இதுதான்: "உங்கட அக்கா எனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டா, அண்ணா."

வேறெதுவும் சொல்லவில்லை. அவரைத் திட்டவில்லை. சுபலட்சுமியின் நெற்றியில் நான் வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை. நீங்கள் பயந்த எந்தக் கூத்தும் நடக்கவில்லை. நீங்கள் மாலை போட்டு என்னை எப்படி விலக்கினீர்களோ, அதே அளவு மரியாதையோடுதான் நானும் செய்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அவன் கோழை என்று நான் தெரிந்துகொள்வதைவிட நீங்கள் கெட்டவளாக இருப்பது மேல் என்று. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு தம்பிக்காக இப்படிச் செய்கிறவரிடம் எதைப் பறித்தால் வலிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை உங்கள் பெயரைத்தான் கெடுக்க நினைத்திருந்தேன். நீங்களே எனக்கு வழி காட்டினீர்கள். கிழித்துவிடச் சொன்னீர்கள், கிழித்துவிட்டேன். வேறு யாரும் படிக்க மாட்டார்கள்.

வதனி மாறிவிட்டாள் என்று நினைப்பீர்கள். இருக்கலாம். ரமணன் அண்ணா பஸ் ஜன்னலில் கை அசைத்ததைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு வாசல் சத்தத்துக்கும் தலை நிமிர்ந்து பார்த்த வீடு எங்களுடையது. அது எப்படிப்பட்ட இருப்பு என்று நான் உங்களுக்கு விளக்கியிருக்கவே முடியாது. இனி விளக்க வேண்டியதில்லை. வாடிப்பட்டி பஸ் ஒவ்வொன்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தெருவில் சொன்னார்கள்.

நாங்கள் இந்த ஊரைவிட்டுப் போகப் போவதில்லை அக்கா. ஒத்தக்கடையில் எங்களை அகதி வீடு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. முத்திருளன் மகள்கள் வீடு என்கிறார்கள். சுபலட்சுமிக்கு மூன்று மாதம். வளைகாப்பில் முதல் வளையல் நாத்தனார்தான் போட வேண்டும் என்று தங்கப்பொண்ணு அக்கா சொல்கிறார். போடுவேன்.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து சீர் வந்தது. அப்பாவே வண்டியில் கொண்டுவந்தார். பச்சரிசி, வெல்லம், கட்டுக் கரும்பு, எங்கள் இருவருக்கும் சேலை. எனக்கு மாம்பழ நிறம், கரையில் சின்னச் சின்ன அன்னம். நன்றாக இருக்கிறது.

உங்களுக்கு என்ன நிறம் வந்தது?

உங்கள் தங்கை,
வதனி